ஐந்தாம் வீட்டு அரிசி: மலை ஏறாத ஒரு திருப்பதிப் பயணம்

சென்ற புரட்டாசியில் எனக்கு மூன்று நாள் விடுப்பு சேர்ந்தாற்போலக் கிடைத்தது. திருப்பதி போகிறேன் என்றதும் பக்கத்து மேசைக்காரர் லட்டுக்காக ஒரு பையை எடுத்து நீட்டினார். மலைக்குப் போகவில்லை, கீழேயே சுற்றிவிட்டு வருவேன் என்றேன். பையைத் திரும்ப வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, அதற்கு ஏன் திருச்சியிலிருந்து அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

எத்தனையோ முறை திருப்பதி போயிருக்கிறேன். நினைவில் இருப்பதெல்லாம் வரிசையில் முன்னால் நின்றவரின் முதுகு, செருப்பை எங்கே விட்டோம் என்ற கவலை, திரும்பும் பேருந்தில் வாய் பிளந்து தூங்கியது. ஊர் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் விழிப்பேன். இந்த முறை அவசரப்படாமல், பட்டியலைக் குறைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்து மண்ணைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. இரண்டே இடங்கள் குறித்துக்கொண்டேன்: நாராயணவனம், நாகலாபுரம்.

வெள்ளிக்கிழமை வேலூர் வழியாகச் சித்தூர் போய்ச் சேர்ந்தேன். பேருந்து நிலையத்துக்கு அருகில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை. சுத்தம், வெந்நீர் உண்டு. அங்கிருந்து பதினொரு கிலோமீட்டரில் காணிப்பாக்கம். சாயங்காலம் போய்ப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மறுநாள் விடியற்காலையில் திருப்பதிப் பேருந்தைப் பிடித்தேன். எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். இடப்பக்கம் ஜன்னல் கிடைத்தது என் அதிர்ஷ்டம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மாந்தோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. பாறைக் குன்றுகளின் பாதி உயரம் வரை மேகம் இறங்கியிருந்தது. கண்ணை மூடினால் தூக்கம், திறந்தால் இன்னொரு குன்று; எது கனவு, எது சந்திரகிரி என்று சரியாகச் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே இன்னொரு முறை போகலாம்.

புரட்டாசிச் சனிக்கிழமை திருப்பதி நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. மஞ்சள் வேட்டிகளும் கோவிந்தா குரல்களுமாக எல்லாரும் மலைப் பக்கம் போக, நான் மட்டும் எதிர்த்திசையில் வாடகைக் கார் தேடினேன். இரண்டு கோயிலுக்கும் போய் வர இரண்டாயிரத்து எண்ணூறு கேட்டார்கள். ஒருவர் மட்டும் இரண்டாயிரத்துக்கு வருகிறேன் என்று முன்னால் வந்தார். பேசிக் குறைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அவர் பெயர் முனிரத்தினம், ஐம்பது வயதிருக்கும், புத்தூர்ப் பக்கத்துத் தமிழர். போனில் வரும் அழைப்புகளுக்குத் தெலுங்கில் பதில் சொல்லிவிட்டு என்னிடம் தமிழுக்குத் திரும்பினார்.

முன் இருக்கையில் ஒரு பித்தளைச் சொம்பு இருந்தது. நாமம் போட்டு, கழுத்தில் துளசி மாலை சுற்றி, பாதிக்கு மேல் அரிசி. புரட்டாசிக் காணிக்கை போலிருக்கிறது என்று நானாக முடிவு செய்துகொண்டு, அவர் கண்ணாடி துடைக்க இறங்கிய நேரம் அதில் ஒரு நூறு ரூபாய்த் தாளைச் செருகினேன். வந்து உட்கார்ந்தவர் அதைப் பார்த்தார். தாளை மெதுவாக எடுத்து என்னிடம் நீட்டினார்.

"காசு ஆவாதும்மா. அரிசிதான் வாங்கணும். அதுவும் ஒரு ஊட்டு வாசப்படில நின்னுதான் வாங்கணும்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. எதையும் புரிந்துகொள்ளுமுன் பணத்தை எடுத்து நீட்டுவது நம்மைப் போன்றவர்களின் வியாதி. அவர் கோபப்படவில்லை. பெருமாளைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் புரட்டாசிச் சனியன்று ஐந்து வீடுகளில் கோவிந்தா சொல்லிப் பிச்சை எடுப்பார்கள் என்றார். எவ்வளவு வசதி இருந்தாலும் எடுத்தே ஆக வேண்டும். அந்த அரிசியைப் பொங்கிப் படைக்கும் வரை வீட்டில் எல்லாரும் விரதம். அப்படியானால் நான் அரிசி போடலாமா என்று கேட்டேன். உங்களுக்கு இங்கே வீடு இல்லையே என்றார் சாதாரணமாக. அந்தப் பதில் நெடுநேரம் என்னோடு வந்தது.

நாராயணவனம் திருப்பதியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் இருக்கும். பத்மாவதியைப் பெருமாள் மணந்த ஊர் என்பார்கள். திருமலைக் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. ஈரப் பிராகாரத்தில் வெறுங்காலோடு மெல்லச் சுற்றினேன். கல்யாணத்துக்கு மஞ்சள் அரைத்தது என்று சொல்லும் பெரிய கல் இயந்திரத்தின் அருகே உட்கார்ந்தேன். யாரும் நகரச் சொல்லவில்லை. சுவாமி வெகு அருகில், அலங்காரத்தோடு, அவரும் அவசரமில்லாதவர் போலத் தெரிந்தார். மனம் அப்படியே மிதந்துகொண்டிருந்தது.

வெளியே வந்தபோது முனிரத்தினம் சொம்பைப் பார்த்தபடி காரில் சாய்ந்து நின்றார். எத்தனை வீடு ஆயிற்று என்று கேட்டேன்.

"நாலு ஆச்சிம்மா. இன்னொண்ணு கீது."

கார் நகர்ந்த பிறகு மிச்சத்தையும் சொன்னார். அவருக்கு ஒரே மகள். சத்தியவேட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அக்கா தன் மகனுக்கு அவளைக் கேட்டிருந்தார். தம்பி மகள் என்றால் அக்கா மகனுக்கு உரிமை. அந்தப் பக்கம் அது கேள்வியே இல்லாத விஷயம். ஆனால் மகள் உடன் வேலை செய்த பையனை விரும்பினாள், இவரும் அவனுக்கே கட்டிக்கொடுத்தார். அன்றோடு அக்கா இவர் வாசலை மிதிக்கவில்லை. அதற்கு முன்பெல்லாம் அவர்கள் சொம்பில் விழும் முதல் பிடி அக்கா வீட்டு அரிசிதான். மூன்று புரட்டாசியாகப் பக்கத்து வீட்டு அரிசியை வைத்து ஐந்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது மகள் ஏழு மாத வயிற்றோடு பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். அத்தை வீட்டு அரிசி பானையில் விழாமல் ஒரு வாய் சாப்பிட மாட்டேன் என்று காலையில் சொல்லிவிட்டாளாம்.

அக்கா வீடு நாகலாபுரம் போகும் வழியில் ஒரு கிராமத்தில். அவர் ஏன் இரண்டாயிரத்துக்கு ஒப்புக்கொண்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் திசையில் போக அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. என் பேரத் திறமையில் ஒன்றுமே இல்லை.

கிராமத்துத் திருப்பம் வந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார், பிறகு கூட்டினார். திருப்பம் பின்னால் போயிற்று. பன்னிரண்டு மணிக்குள் போகாவிட்டால் நாகலாபுரத்தில் நடை சாத்திவிடுவார்கள் என்றார், நான் கேட்காமலே. அங்கிருக்கும் வேதநாராயணப் பெருமாளைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வெறும் வயிற்றோடு காத்திருக்கிறாள். எனக்குத் தலை வலிக்கிறது, அந்த ஊரில் ஒரு டீ கிடைக்குமா என்று கேட்டேன். கண்ணாடியில் என்னை ஒரு நொடி பார்த்தார். வண்டியைத் திருப்பினார்.

தெருமுனையில் காரை நிறுத்திச் சட்டையைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், சொம்பை இரண்டு கையாலும் ஏந்தி நடந்தார். மூன்றாவது வீடு. போனைப் பைக்குள் போட்டு மூடிவிட்டு ஜன்னலை இறக்கினேன்.

கோவிந்தா என்றார். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். முப்பது வயது ஆள் ஒருவர் எட்டிப் பார்த்தார், மாமனை ஏற இறங்கப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அக்கா மகனாகத்தான் இருக்க வேண்டும். தூறல் மறுபடி பிடித்துக்கொண்டது. மூன்றாவது கோவிந்தா எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அக்கா முறத்தில் அரிசியோடு வந்தார். தம்பியைப் பார்த்ததும் முறத்தை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே திரும்பிப் போனார். முடிந்தது என்றே நினைத்தேன். அவர் ஒரு குடம் தண்ணீரோடு திரும்பி வந்து, குனிந்து, தம்பியின் காலில் ஊற்றினார். முனிரத்தினம் பதறிப் பின்னால் நகர்ந்தார்.

"சும்மா நில்லு. இன்னிக்கி நீ பெருமாளு," என்றார் அக்கா.

காலைக் கழுவி, மஞ்சள் தொட்டு வைத்து, இரண்டு கையாலும் அரிசியை அள்ளிப் போட்டார். சொம்பு வழிந்தது. பிறகுதான் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"எத்தினி மாசம் அவுளுக்கு?"

"ஏழுக்கா."

"ஊர்க்காரங்க வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணும், இல்ல? மொத வளையலு நான்தான் போடுவேன். வேற எவளையாவது வுட்டே, பார்த்துக்கோ."

இதற்குள் அக்கா மகன் தெருமுனைக்கு வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார், பின்சக்கரத்தைக் காலால் தட்டினார்.

"மாமா, காத்து கம்மியா கீது. புத்தூர்ல புடிச்சிக்கோ."

மூன்று வருஷத்தில் அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு அதுதானாம்.

அக்கா புடவை மாற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் யார் என்று கேட்டார், சவாரி என்றேன். அப்படியென்றால் நீயும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். புத்தூர்ப் பக்கத்து அந்த வீட்டில் பொங்கல் பொங்கி, படைத்து, இலை போட மூன்று மணி ஆயிற்று. அந்தப் பெண்ணுக்கு அத்தையே பரிமாறினார். முதல் வாயைக் கையில் எடுத்துவிட்டு அவள் சாப்பிட முடியாமல் அழுதாள். "துன்னுடி, புள்ள பசியில கீது," என்று அத்தை அதட்டினார். நானும் அழுதேன், சொல்வதில் வெட்கம் இல்லை. ஐந்து வீட்டு அரிசி ஒன்றாக வெந்ததில் சில பருக்கை குழைந்தும் சில பருக்கை விறைத்தும் இருந்தன. அவ்வளவு ருசி.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மலையைத் தவிர்க்கலாம். கீழே இருக்கும் கோயில்கள் அமைதியாக இருக்கின்றன. நண்பகலில் நடை சாத்துவார்கள், விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும், ஒன்று தவறினாலும் குடி முழுகாது. குடையும் எளிதில் கழற்றக்கூடிய செருப்பும் அவசியம். ஒரு சடங்கைப் பார்த்தால் பர்ஸையும் போனையும் எடுக்குமுன் இது என்ன என்று கேளுங்கள்.

கார் பேசும்போது கிலோமீட்டர், ஏசி, சாப்பாட்டுப் படி எல்லாம் கேட்போம். இன்னொன்றும் கேட்டுவையுங்கள்: அந்தப் பக்கம் அவர் போக வேண்டிய வீடு ஏதாவது இருக்கிறதா என்று.