பெரிய திரையில் சுடலைமணியின் வீடு

கொச்சியில் நடந்த வெப் டிசைன் மாநாட்டுக்கு அன்னாள் போனது புதிதாக எதையும் கற்றுக்கொள்வதற்காக அல்ல. இணையத்தில் ஒரு குழு நடத்திய குலுக்கலில் அவள் பெயருக்கு அனுமதிச்சீட்டு விழுந்தது. ஒரு நாள் முழுக்க யாருக்கும் எதுவும் செய்து கொடுக்காமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தாள். கணவன் கபிரியேல் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவன். "போயிட்டு வா, புள்ளைங்கள நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டான். விடியற்காலை பஸ்ஸில் கிளம்பினாள்.

மூணாறு பக்கத்துச் சித்திரபுரத்தில் அவளுக்கென்று ஆபீஸ் எதுவும் கிடையாது. வீட்டுச் சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்து, பள்ளிவாசல் ஊரிலிருந்து ஆனச்சால் வரையுள்ள ரிசார்ட்டுகளுக்கும் ஹோம்ஸ்டேகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறாள். செய்து கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. மழை பெய்தால் மழைக்கால ஆஃபர் போட வேண்டும். குறிஞ்சி பூத்தால் படம் மாற்ற வேண்டும். ஒருவருக்கு நீச்சல் குளத்தின் நீலம் பத்தவில்லை, இன்னொருவருக்குப் பக்கத்து ரிசார்ட்டின் கூரை தன் படத்தில் தெரிகிறது. எல்லாரும் வாட்ஸாப்பில் ஒரே வார்த்தையில் முடிப்பார்கள்: அர்ஜென்ட். பன்னிரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு.

நேரியமங்கலம் பாலம் தாண்டும்போதே மூன்று அர்ஜென்ட் வந்துவிட்டது. போனைப் பையின் அடியில் போட்டாள்.

கொச்சியின் காக்கநாட்டில் பெரிய அரங்கு. உள்ளே, மலையில்கூட இல்லாத குளிர். கழுத்தில் பெயர் அட்டை மாட்டிய இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக நின்று ஆங்கிலமும் மலையாளமும் கலந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அன்னாள் பின்வரிசையில் ஓரத்து நாற்காலியைப் பிடித்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் அவள் அட்டையைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பேச்சுக் கொடுத்தாள்.

"ஏனுங்க அக்கா, சித்திரபுரம்னா மூணாறு பக்கமுங்களா? நான் தமிழ்ப்ரியாங்க. பெருமாட்டி எங்கூரு. இங்க ஒரு கம்பெனில டிசைனரா இருக்கறனுங்க."

"பெருமாட்டி எங்க இருக்கு?"

"சித்தூருக்குப் பக்கத்துலீங்க. எங்கூட்டுல சொல்லுவாங்க, கேரளாவுல இருக்கற கோயமுத்தூருன்னு."

ஊரைவிட்டு வந்து ஒரு தமிழ்க் குரல் கேட்டதில் அன்னாளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இரண்டு பேரும் பிஸ்கட்டைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இரண்டாவதாகப் பேச வந்தவன் ரிஞ்சு என்ற இளைஞன். பெங்களூரில் வேலை. நன்றாகப் பேசினான், சிரிக்கச் சிரிக்கப் பேசினான். இன்னும் உயிரோடிருக்கும் பழைய பாணி வெப்சைட்டுகளைத் தேடிப் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லி ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினான். ஒரு நகைக்கடை. ஒரு கல்யாண மண்டபம். ஒவ்வொன்றுக்கும் அரங்கு சிரித்தது. பிறகு, "இதுதான் என் செல்லம்" என்று அடுத்ததைப் போட்டான்.

நாதஸ்வரம் ஒலித்தது. பச்சைப் பின்னணியில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடின. எழுத்துகளோடு சேர்ந்து ஒரு போன் நம்பரும் ஓடியது. ஒரு மூலையில் யானை. நடுவில், சுவர் உயரத்துக்கு, மடித்துக் கட்டிய வேட்டியோடு ஒரு மனிதர் நின்று கையை ஆட்டினார். ஆட்டி முடித்ததும் படம் வெட்டித் திரும்பி, மறுபடியும் முதலிலிருந்து ஆட்டினார். ஒவ்வொரு தடவை அவர் கையைத் தூக்கும்போதும் சிரிப்பு எழுந்தது.

தமிழ்ப்ரியாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அய்யோ அக்கா, யாருங்க இதையப் பண்ணியிருப்பாங்க?"

"நான்தான்" என்றாள் அன்னாள்.

அந்தப் பெண் விளையாட்டென்று நினைத்து இன்னொரு தடவை சிரிக்கப் போனாள். அன்னாளின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினாள்.

அது அன்னாள் செய்த முதல் வெப்சைட். அடிமாலியில் ஒரு கோர்ஸ் படித்து முடித்து, யாரும் வேலை கொடுக்காமல் இருந்த சமயம். தேயிலை பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சுடலைமணி தன் வீட்டோடு சேர்த்து இரண்டு அறை கட்டி, ஹோம்ஸ்டே என்று போர்டு எழுதி மாட்டினார். நேராக அவள் வீட்டுக்கு வந்து, "எனக்கு ஒண்ணு செஞ்சு குடு தாயி. எழுத்து ஓடணும். பாட்டு கேக்கணும். வாரவுகளை நான் கையை ஆட்டிக் கூப்பிடணும்" என்றார். மூன்றையும் செய்து கொடுத்தாள். கேட்டதெல்லாம் செய்யக்கூடாது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அவர் மாற்ற விடவில்லை.

போன வருடத்துக்கு முந்தின மழையில் சுடலைமணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். அவர் மனைவி மூக்கம்மாள் அறைகளைப் பூட்டினாள். சைட்டை எடுத்துவிடலாமா என்று அன்னாள் கேட்டபோது, "இருக்கட்டும். அதுலயாவது நின்னு கையை ஆட்டட்டும்" என்றாள். அன்னாளும் அப்படியே விட்டுவைத்தாள்.

இதையெல்லாம் தமிழ்ப்ரியாவிடம் அவள் சொன்னது மதியச் சாப்பாட்டின்போதுதான். அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "நான் சிரிச்சுப்போட்டனுங்க்கா."

"தெரியாமத்தான சிரிச்ச. எனக்கே அந்தப் படம் கோணலா இருக்கதுதான் மொதல்ல கண்ணுல பட்டுச்சு. பெறவுதான் அவரு கை தெரிஞ்சுது."

ரிஞ்சுவைச் சுற்றி செல்பிக் கூட்டம். அன்னாள் ஓரமாக நின்று காத்திருந்து, கூட்டம் குறைந்ததும் போய், மலையாளத்தில் சுருக்கமாகச் சொன்னாள். அந்த மனிதர் இப்போது இல்லை, அவர் மனைவி இருக்கிறாள், அந்தப் படத்தை இனிமேல் காட்ட வேண்டாம். அவன் முகம் வெளுத்தது. மேடையேறி எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றான். அதெல்லாம் வேண்டாம், எடுத்தால் போதும் என்றாள். அவள் கண் முன்னாலேயே லேப்டாப்பைத் திறந்து அந்தப் பக்கத்தை நீக்கினான். கெட்ட பையன் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அரங்கில் பாதிப் பேர் அதற்குள் படம் பிடித்திருந்தார்கள். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மதியத்துக்கு மேல், கம்ப்யூட்டரிடம் வாயால் சொன்னால் அதுவே வெப்சைட் செய்து கொடுத்துவிடும் என்று ஒருவர் செய்து காட்டினார். தன் பிழைப்பைப் பற்றிய பேச்சு என்று அன்னாளுக்குப் புரிந்தது. பயம்கூட வரவில்லை, அவ்வளவு அசதி. அதில் பாதியைத் தூங்கிவிட்டாள். முடிந்ததும் தமிழ்ப்ரியா தோளைத் தொட்டு எழுப்பி, பஸ் ஸ்டாண்டுவரை கூடவே வந்து ஏற்றிவிட்டாள்.

பஸ் கோதமங்கலம் தாண்டும்போது பையின் அடியில் போன் அடித்தது. அர்ஜென்ட்தான் என்று நினைத்து எடுத்தாள். மூக்கம்மாள்.

"அன்னாளு, இன்னைக்கு என்ன தாயி, அவரு போனு ஓயாம அடிக்குது. எல்லாரும் ரூமு கேக்காங்க. கேட்டுட்டுச் சிரிக்காங்க. ஒரு புள்ள, அந்தக் கை ஆட்டுற அங்கிள்ட்ட குடுங்கன்னு கேக்கா."

மூக்கம்மாள் அந்தப் போனுக்கு இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருப்பது அன்னாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"மொத ஆளுட்ட, வெளிய போயிருக்காருன்னேன். அடுத்தவுகளுக்கு ரூமு இல்லைன்னேன். அந்தப் புள்ளைட்ட, செத்துப் போயிட்டாருன்னு சொல்லிட்டேன். சாரி ஆன்ட்டின்னு வச்சிட்டா."

மறைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பொய் சொல்லவும் தெம்பு இல்லை. "அக்கா, இன்னைக்கு ஒரு பெரிய கூட்டத்துல அண்ணன் படத்தப் போட்டுக் காட்டுனாங்க. சிரிக்கதுக்குத்தான் காட்டுனாங்க. நான் சொல்லி எடுக்க வச்சேன்."

அந்தப் பக்கம் மழை தகரத்தில் விழுவது கேட்டது.

"பெரிய கூட்டமா?"

"பெரிய கூட்டம்தான்."

"அவரு கையை ஆட்டுனாரா?"

"ஆட்டுனாருக்கா."

மூக்கம்மாள் மூக்கை உறிஞ்சினாள். அழுகையா சிரிப்பா என்று அன்னாளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "இனி எடுத்துரு தாயி. பதில் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டேன்" என்றாள்.

வீட்டிலிருந்தே சைட்டை எடுத்திருக்கலாம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் லேப்டாப்போடு மூக்கம்மாள் வீட்டுக்கே போனாள் அன்னாள். இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை பார்த்தார்கள். நாதஸ்வரம் முடிந்ததும் மூக்கம்மாள் தலையாட்டினாள். அன்னாள் அதன் பிரதி ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, சைட்டை அழித்தாள். திரை வெள்ளையானது.

"இனி போனு வராதா?"

"படம் புடிச்சவுக கொஞ்சப் பேரு இன்னும் கூப்பிடலாம்க்கா. நம்பர மாத்திருவமா?"

"வேண்டாம். வந்தா வரட்டும்" என்று மூக்கம்மாள் எழுந்து, டீ குடித்த டம்ளர்களைக் கையில் எடுத்தாள். "அவரு இல்லைன்னு சொல்லிருதேன். அன்னைக்கு அந்தப் புள்ளைட்ட சொல்லுற வரைக்கும் அந்த வார்த்த எனக்கு வாயில வரவே இல்ல. இப்ப வருது."