பதினைந்தாம் தேதி

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி, உப்பளம் பகுதியில் இருந்த மாமனார் வீட்டுக்கு வந்தேன். வந்த முதல் வருஷமே ஜூன் மாதக் கடைசியில் என் மாமனார் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். என் சமையல்தான் பிடிக்கவில்லை என்று நினைத்து அழுதுகூட விட்டேன். கடைசியில் அத்தைதான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உன் சமையல் இல்லடி, எல்லாம் அந்தக் கோட்டு பண்ற வேல."

மாமா பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரின் பேச்சில் சொல்தா. சைகோனில் இருந்தபோது தைத்த கருநீலக் கோட்டு ஒன்று அந்துருண்டை வாசனையோடு டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஜூலை பதினாலு பிரான்ஸின் தேசிய தினம். அன்று காலை பழைய சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு, கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். கோட்டு அப்படியே இருந்தது. மாமாதான் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போனார். அதனால் அந்த நாளுக்கு முன்னால் இரண்டு வாரம் எலுமிச்சைச் சாறும் பார்லித் தண்ணீரும்தான். வயிற்றில் ஈரத் துண்டு வேறு, கொழுப்பு கரையுமாம்.

பசியோடு இருக்கும் மனிதரோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும். உப்பு ஜாடியை இடம் மாற்றி வைத்தால்கூடக் கத்துவார். ஆனால் அந்த நாளில் கோட்டின் பொத்தானைப் பூட்ட முடிந்துவிடும். கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது, உள்ளதைச் சொல்ல வேண்டும், ராஜா மாதிரிதான் இருப்பார். பதினைந்தாம் தேதி விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு அவரே கறிக்கடைக்குக் கிளம்பிவிடுவார். இரண்டு வாரம் விட்டதையெல்லாம் வட்டியோடு பிடிப்பார். ஆகஸ்டு முடிவதற்குள் போன எடை திரும்பி வந்துவிடும், துணைக்கு இன்னும் கொஞ்சத்தைக் கூட்டிக்கொண்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், தேசிய கீதம் வாசிக்கும்போதே வரிசையில் மயங்கி விழுந்தார். சர்க்கரை இருக்கிறது, இனிமேல் பட்டினி கிடந்தால் ஆபத்து என்று டாக்டர் எச்சரித்தார். மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பார்க்க வந்த பழைய சிநேகிதர் அன்பாகச் சொன்னதுதான் அவரைக் குத்திவிட்டது.

"அடுத்த வருஷம் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டுடறோம். உக்காந்தே பாருங்க."

அவர் போன பிறகு மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "நாற்காலில உக்கார வெச்சுட்டா அப்புறம் நான் சொல்தாவா, வேடிக்க பாக்க வந்தவனா?" என்றார். எனக்குத் தாங்கவில்லை.

"நிக்கணும்னா சாப்பிடணும் மாமா. ஆனா நான் போடறதத்தான் சாப்பிடணும்," என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

தட்டில் முதலில் கீரையும் காயும். பிறகுதான் சோறு, அதுவும் வழக்கத்தைவிடக் குறைவாக. கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும். தினமும் விடியற்காலையில் கடற்கரை வரை நடை. முதல் மாதம் எனக்கு ஜெயிலர் என்று பெயர் வைத்தார். எதிர் வீட்டில் வடை தின்றுவிட்டு, மீசையில் தூளோடு வந்து ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருப்பார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை மல்லுக்கட்டினோம். நடுவில் அத்தைதான் முழித்தார். உடம்பு இளைத்தது யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவு மெதுவாக நடந்தது. மாடிப்படி ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்காததை ஒருநாள் அத்தை கவனித்தார். எங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல சேதி அதுதான்.

மறு வருஷம் ஜூலை பிறந்ததும் கோட்டைப் போட்டுப் பார்த்தார். எல்லாப் பொத்தானையும் பூட்ட முடிந்தது, கடைசி ஒன்றைத் தவிர.

"ஒரே ஒரு வாரம் பார்லித் தண்ணி குடிச்சுக்கறேம்மா," என்று கெஞ்சினார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பொத்தான் பூட்டணுமா, நீங்க நிக்கணுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டார், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினாலாம் தேதி காலையில் பயந்துகொண்டே இட்லி எடுத்து வைத்தேன். அணிவகுப்பு நாளில் அவர் வாயில் எதுவும் போட்டு நான் பார்த்ததே இல்லை. உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுக் கோட்டை மாட்டினார். கடைசிப் பொத்தானைத் திறந்தபடியே விட்டுவிட்டார்.

கடற்கரையில் ஓரமாக நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பிரெஞ்சு கீதம் முடிந்து நம்முடையதும் முடியும்வரை நான் அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. கூட்டத்தின் நடுவில் நின்று அழுதேன். யார் பார்த்தால் என்ன என்றிருந்தது.

மறுநாள் இருட்டு பிரிவதற்கு முன்பே வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கறிக்கடைக்குத்தான் என்று பதறி எழுந்து ஓடினேன். மாமா வெறுங்கையோடு நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குமா நடக்கப் போறீங்க மாமா? அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுடுச்சே."

"என்னம்மா முடிஞ்சுடுச்சு?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கினார்.

ஒரு வருஷமாக அவரை விரட்டி விரட்டி நடக்க வைத்தவள் நான். பதினாலாம் தேதியோடு சரி என்று நானும்தான் நினைத்திருக்கிறேன்.