இன்டர்வெல்லில் வந்த அம்மா

நேற்று மாத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் செல்போனில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அந்தப் படமேதான்! விவாகரத்தான அப்பா, அவரிடம் வளரும் மகள், படம் முழுக்கக் கலாட்டா. இறங்கவேண்டிய ஸ்டாப்பைக் கோட்டைவிட்டேன்.

அது வந்தபோது எனக்குப் பத்து வயது. எங்கள் வீட்டிலும் கிட்டத்தட்ட அதே கதைதான், சிரிப்பு மட்டும் கிடையாது. நான் காலடிப்பேட்டையில் அம்மாவோடு இருந்தேன். எண்ணூரில் கன்டெய்னர் லாரி ஓட்டிய நைனாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான். தெருமுனையில் என்னை விட்டுவிட்டு, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் அம்மா திரும்பிவிடுவாள். இருவரும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

டீசல் வாசனை எங்கே அடித்தாலும் எனக்குத் தலைமுடி ஞாபகம் வரும். கடற்காற்றில் கலைந்த என் ஜடையை நைனாதான் பின்னிவிடுவார். லாரியில் கயிறு இறுக்கிய கை அல்லவா? ஒரு ஜடை காதுக்கு மேலே நிற்கும், இன்னொன்று கழுத்துக்குக் கீழே தொங்கும். அந்தக் கோலத்தில்தான் அன்றைக்குத் திருவொற்றியூர் தியேட்டருக்குப் போனோம்.

படத்து அப்பா தோசை சுடுகிறேன் என்று வீட்டையே புகையாக்க, நைனா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்டர்வெல்லில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

“நைனா, அம்மாவுக்கு போன் போடு. அதுவும் பாக்கணும்.”

“அது வராது பாப்பா. பேஜார் பண்ணாத.”

விட்டேனா? அழுதேன். போட்டார்.

“நான்தான்... பாப்பா உன்ன படத்துக்குக் கூப்புடுது. வர்றியா?”

அம்மா என்ன சொன்னாளோ, “சரி” என்று வைத்துவிட்டு வாசலுக்கும் சீட்டுக்கும் நாலு தடவை நடந்தார்.

படம் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, இருட்டில் தடவிக்கொண்டு அம்மா வந்தாள்! அடுப்படிப் புடவையைக்கூட மாற்றவில்லை. நடுவில் நான். திரையில் அந்த அப்பா மகளுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தார், ஒன்று மேலே, ஒன்று கீழே. அம்மா என் தலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு நைனா பக்கம் சாய்ந்து கேட்டாள்:

“இன்னாய்யா, உன்னப் பாத்துதான் எட்த்துக்கீறாங்களா?”

நைனா சிரித்த சிரிப்பில் முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம் படத்தில் என்ன நடந்ததென்று சத்தியமாக எனக்குத் தெரியாது. நான் இரண்டு பக்கமும் மாறி மாறி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் சேரவில்லை. சேர்ந்துவிடுவார்கள் என்று ஒரு வருஷம் காத்திருந்தேன், அசடு. ஆனால் படம் பார்த்த அடுத்த ஞாயிறே தெருமுனையில் அம்மா நின்று, “சாப்ட்டியா?” என்றாள். “ஆச்சு” என்றார் நைனா. ஊரே கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு.

நைனா இப்போது இல்லை. தியேட்டரை இடித்துக் குடோன் கட்டிவிட்டார்கள். நாங்கள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்ததற்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. சாட்சிக்கு அந்த மூன்று நாற்காலிகள்தான் இருந்தன.