கூட்டுப் பட்டாவும் இரண்டு ஜெபச் சீட்டுகளும்

அன்பான சபையாருக்கு வணக்கம். கர்த்தர் எனக்குச் செய்த நன்மையை எழுதுகிறேன். என் முட்டாள்தனத்தையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

அடுக்கம் மலைக்கிராமத்தில் எங்கள் அப்பா விட்டுப்போன, மிளகுக்கொடி படர்ந்த காப்பித் தோட்டமும், அதன் மேல் ஓரத்தில் இருக்கும் ஓட்டு வீடும் எனக்கும் அண்ணனுக்கும் பொது. எல்லாம் ஒரே கூட்டுப் பட்டா. கணவர் இறந்தபின் நான் அந்த வீட்டில்தான் தையல் மிஷின் ஓட்டிப் பிழைக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் அண்ணன் சொல்லி ஒரு புரோக்கர், இடம் வாங்க இரண்டு பேரைக் கூட்டிவந்து வாசலில் நின்று, "வீட்டை இடிச்சிட்டா வியூ நல்லா இருக்கும் சார்" என்றார். நான் உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றோடு பேச்சு நின்றது. கையெழுத்துக் கேட்டு ஆள் அனுப்பினார், மறுத்தேன். போன வருடம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்திரண்டு வயதில் மிஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

இருவருக்கும் ஒரே சபைதான். ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் நான். முகம் பார்ப்பதில்லை, ஆனால் திருவிருந்து மட்டும் தவறாமல் எடுத்தோம்.

நான் ஜெபிக்காமல் இல்லை. தினமும் வெள்ளனே எழுந்து முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, அண்ணனை மாற்றும்." இவ்வளவுதான் என் ஜெபம். ஆண்டவருக்கே யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு, மனம் தாங்காமல் ஜெபப் பெட்டியில் பெயர் போடாத சீட்டு ஒன்றைப் போட்டேன். போதகர் ஊருக்குப் புதியவர். அதை எடுத்து வாசித்தார்: "சொத்துக்காகக் கல்லாகிப்போன என் அண்ணன் மனம் இளக வேண்டும்." அடுத்த சீட்டைப் பிரித்தார்: "சொத்து விஷயத்தில் வீம்பு பிடிக்கும் என் தங்கை மனம் மாற வேண்டும்."

எங்கள் சபை சின்னது. முன் பெஞ்சில் அடக்கிய சிரிப்பில் தோள்கள் குலுங்கின. போதகருக்கு மட்டும் எதுவும் தெரியாது. இரண்டுக்கும் சேர்த்து உருக்கமாக ஜெபித்தார். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. இத்தனை நாளும் ஒரே தகப்பனிடம் போய் ஒருவர்மேல் ஒருவர் கோள் சொல்லியிருக்கிறோம்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். செருப்பு கிடக்கும் இடத்தில் அண்ணன் நின்றார். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏத்தா, நீயும் எழுதிப் போட்டியா?"

எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். மூன்று வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். "எதுக்குண்ணே விக்கணும்?"

"மொழங்கால் போச்சுத்தா. சரிவுல எறங்கி மொளகு பறிக்க முடியல. ஆளும் கெடைக்கல. நீ தோட்டம் பூராம் ஒனக்கே வேணும்னு நிக்கிறியோன்னு நெனச்சேன்."

"தோட்டம் எனக்கெதுக்குண்ணே? இருக்க வீடு போதும்."

அண்ணன், "மொதல்ல ஒன்ட்ட கேட்டுருக்கணும். என் தப்புத்தான்" என்றார்.

பிறகு சர்வேயர் வந்து அளந்தார். வீட்டையும், ரோட்டிலிருந்து வரும் பாதையையும் பிரித்து என் பெயருக்கு மாற்றினோம். அவற்றின் மதிப்பை என் பங்கில் கழித்துக்கொண்டோம். மிச்சத்தைப் பக்கத்துத் தோட்டக்காரர் வாங்கினார். இருவரும் ஒரே மேஜையில் கையெழுத்துப் போட்டோம். அந்த வக்கீல் நோட்டீஸ், தையல் மிஷின் ஆடாமல் இருக்க மடித்து அதன் காலடியில் வைத்திருக்கிறேன்.

நான் கேட்டது அண்ணனின் மனமாற்றம். கர்த்தர் எனக்கு அண்ணனையே திருப்பித் தந்தார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பட்டா பிரிபடாமல் கிடந்தால், அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அவர் பதில் தருவார். அது பக்கத்துப் பெஞ்சிலிருந்தும் வரலாம். காதை மட்டும் திறந்து வையுங்கள்.

இப்போதும் நான் வாரந்தோறும் சீட்டுப் போடுகிறேன், அண்ணன் முழங்காலுக்காக. இப்போது பெயரும் எழுதுகிறேன்.