கரண்ட் போனால்தான் உராய்வு

"அந்தப் பிள்ள வீட்டுல பாடமா நடக்கு? சோப்பு டப்பாவச் சறுக்கு விட்டுல்லா வெளையாடுதாவ. எசக்கிய அடுத்த மாசம் பெரிய டியூசன்ல சேத்துரணும்."

மாவு மில்லில் எனக்கு முன்னால் நின்ற பேச்சியம்மா அக்கா யாரிடமோ சொன்னது இது. எசக்கி அவர் மகள். அந்தப் பிள்ளை நான்தான். பின்னால் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. நான் கையிலிருந்த கோதுமை வாளியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் டியூஷன் எடுப்பது என்பது சொந்த வீட்டிலேயே தினமும் தேர்வு எழுதுகிற தொழில். மதிப்பெண் போடுவது பெற்றோர். டியூஷன் எடுக்கிற சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இயற்பியல் படித்துவிட்டு சங்கரன்கோவிலில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் சொல்கிறேன். என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் 'ஏன்' என்று கேட்கத் தெரிந்தவள் எசக்கி ஒருத்திதான். அவளை விட மனமில்லை. சோப்பு டப்பாவை மட்டும் நிறுத்துவதில்லை என்று முடிவு செய்துகொண்டு மாவோடு வீடு திரும்பினேன்.

ஆடுகிற தரை

சோதனை எளிது. வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் ஒன்று. அதன் ஒரு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, அடியில் புத்தகங்களை அடுக்க வேண்டும். மேலே வைத்த டப்பா எந்த உயரத்தில் வழுக்குகிறது என்று ஸ்கேலால் அளக்க வேண்டும். பிறகு டைல்ஸ் மேல் சாக்கு, பிளாஸ்டிக் பாய், செய்தித்தாள் என்று மாற்றி விரித்து அதையே செய்ய வேண்டும். சொரசொரப்பு கூடினால் உராய்வு கூடும், உயரமும் கூடும்.

கூடவில்லை. ஒரே சாக்கில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு உயரம். சில நேரம் வெறும் டைல்ஸே சாக்கை ஜெயித்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். எசக்கி மட்டும் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கூடம். அவள் அம்மா தறி ஓட்டுவதும் அங்கேதான். தறி ஓடினால் எங்கள் தரை அதிரும், டப்பா முந்திக்கொண்டு நழுவும். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் என்பதால் எனக்கு அது உறைக்கவே இல்லை.

அதன்பின் கரண்ட் போகக் காத்திருந்தோம். கரண்ட் போன ஒரு மாலையில் பிள்ளைகள் கைதட்ட, தறிக்கூட முதலாளி அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "ஊரே கரண்ட் வரலியேன்னு கெடக்கு. நீங்க போவலியேன்னு கெடக்கீயளாக்கும்."

புத்தகத்துக்கு மேல்

டப்பாவுக்குப் பதில் செருப்பை வைத்தால் என்ன என்று ஒருநாள் எசக்கி கேட்டாள். நல்ல கேள்வி. தன் செருப்பைக் கழுவி எடுத்து வந்து டைல்ஸ் மேல் வைத்தாள். அந்த நேரம் பார்த்து அவளைக் கூட்டிப்போக பேச்சியம்மா அக்கா வந்துவிட்டார். "புத்தகத்துக்கு மேல செருப்பா? சரஸ்வதியவே மிதிக்கச் சொல்லிக் குடுக்கீயளோ?"

எசக்கி புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நானும்தான். மறுநாள் புத்தகங்களை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்தேன். எசக்கி செங்கலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "செங்கல்னாலும் படிக்கிற வீட்டுக்குள்ள செருப்பு வரக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டா மிஸ்."

பராமரிப்பு நாள்

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லாத ஒரு சனிக்கிழமை. தரை ஆடாது என்று பிள்ளைகளைக் காலையிலேயே வரச்சொன்னேன். தறி ஓடாததால் பேச்சியம்மா அக்காவுக்கும் அன்று வேலை இல்லை. நொண்டிக்கொண்டே வந்தார். முந்தின நாள் தறிக்கூட வாசல் ஈரத்தில் வழுக்கி விழுந்திருக்கிறார்.

"இன்னையோட நிப்பாட்டிருதேன் டீச்சரம்மா. கோவிச்சுக்கிடாதீய."

"ஒரு தடவ பாத்துட்டுப் போங்கக்கா" என்றேன். அவர் சுவரோரம் உட்கார்ந்தார்.

சோப்புத் தண்ணீர் தெளித்த டைல்ஸில் டப்பா லேசாகத் தூக்கியதுமே வழுக்கியது. சாக்கில் நன்றாகத் தூக்கும்வரை அசைய மறுத்தது. எத்தனை முறை செய்தாலும் அதே உயரம். எசக்கி அம்மா பக்கம் திரும்பினாள்.

"நீ விழுந்தது தண்ணியால மட்டும் இல்லம்மா. ஒன் செருப்பு அடி தேஞ்சி வழவழன்னு கெடக்கு."

"செருப்பு என்னட்டி செய்யும்? தண்ணி கெடந்துச்சு, விழுந்தேன்."

"டப்பாவ வச்சு அத எப்படிக் காட்ட? நீதான் செருப்ப உள்ள விட மாட்டங்கியே."

பேச்சியம்மா அக்கா சுவரைப் பிடித்து எழுந்து வாசலுக்குப் போனார். தன் தேய்ந்த செருப்பில் ஒன்றையும் மகளின் புதுச் செருப்பில் ஒன்றையும் கொண்டுவந்து ஈர டைல்ஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, டைல்ஸின் முனையைத் தானே மெல்லத் தூக்க ஆரம்பித்தார்.