லேடீஸ் பெட்டியில் போக்கர்

போக்கர் கற்றுக்கொண்ட முதல் நான்கு மாதத்தில் நான் ஒரு நாள்கூட ஜெயிக்கவில்லை. காசு வைத்து ஆடியதில்லை. சட்டைப் பொத்தான்தான். அப்படியும் விழுப்புரம் ஸ்டேஷனில் இறங்கும்போது தினமும் முகம் தொங்கிப்போய்த்தான் இறங்குவேன்.

திண்டிவனத்தில் காலை பாசஞ்சர் பிடித்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகிற நான்கு பெண்கள் நாங்கள். லேடீஸ் பெட்டியில் கழிவறையை ஒட்டின மூலை எங்களுடையது. நாற்றத்துக்குப் பயந்து வேறு யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். எங்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்போம். எட்டு வருஷம் சுற்றுலாக் கப்பலில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, ஒரு பெண்கள் விடுதியின் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் கணக்கு டீச்சர், என் வயதுதான், நாற்பதைத் தாண்டியவர். கடைசி ஆள் ஜவுளிக்கடையில் சேல்ஸ் பார்க்கிற பெண். புடவைப் பெட்டியின் மூடியும் பொத்தான்களும் அவள் கொண்டுவந்தவை. மூடியை எட்டு முழங்கால்களின் மேல் வைத்தால் அதுதான் எங்கள் மேஜை.

போக்கரைக் கொண்டுவந்தவர் அக்கா. கப்பலில் வேலை முடிந்ததும் கூட இருந்த பிலிப்பைன்ஸ் பெண்கள் அதைத்தான் ஆடுவார்களாம். ஆளுக்கு இரண்டு சீட்டு, அதை அவரவர் மட்டும் பார்க்கலாம். நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. முதலில் மூன்றைத் திறப்பார்கள், அப்புறம் ஒன்று, கடைசியில் ஒன்று. ஏழில் நல்ல ஐந்து யாருக்குச் சேருகிறதோ அவர் ஜெயிப்பார். ஒரு ஜோடியைவிட இரண்டு ஜோடி பெரிது, அதைவிட ஒரே எண்ணில் மூன்று, அதைவிட ஐந்தும் வரிசை, அதைவிட ஐந்தும் ஒரே இனம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பொத்தான் வைக்கலாம், ஏற்றலாம், இல்லாவிட்டால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம்.

எனக்கு அந்தக் கவிழ்ப்பதுதான் வரவில்லை. எதிரில் இருப்பவர் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விடவே முடியாது. கையில் ஒன்றுக்கும் உதவாத இரண்டும் ஏழும் இருந்தாலும் கடைசிவரை பொத்தான் வைத்து, "பாக்குறேன்" என்று சொல்லி, பார்த்துத் தோற்பேன்.

"உனக்கு ஆட்டம் வேணாம், பதில்தான் வேணும்," என்றார் அக்கா ஒருநாள். "பதில் வாங்குறதுக்கு இம்மாம் பொத்தானா குடுப்பாங்க?"

இன்னொரு தொல்லை என் முகம். நல்ல சீட்டு வந்தால் நான் தாலிச்சங்கிலியைப் பிடித்து இழுக்கிறேன் என்று ஜவுளிக்கடைப் பெண் இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னாள். அதுவரை மூன்று பேரும் அதைப் பார்த்துத்தான் ஆடியிருக்கிறார்கள். எனக்குக் கோபமாக வந்தது. அன்றிலிருந்து கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அப்போது காதுமடல் சிவக்கிறது என்றார்கள். அதை என்ன செய்வது?

டீச்சர் ஆடுவது வேறு மாதிரி. அவர் முகத்தில் ஒன்றும் இருக்காது. கரும்பலகையில் எழுதுகிற மாதிரி நிதானமாகப் பொத்தான்களை நகர்த்துவார். ஒருநாள் நான் ஐந்து இஸ்பேட் சேரும் என்று நம்பி எல்லாவற்றையும் இழந்தபோது என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கையில ரெண்டு இஸ்பேட், தரையில ரெண்டு. மிச்சம் ஒம்போது. நீங்க பாக்காத சீட்டு நாப்பத்தாறு. இதுல எத்தனைக்கு எத்தனன்னு எண்ணிட்டு அப்புறமா ஆசப்படுங்க."

வேலை செய்யும் இடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் எண்ணத் தொடங்கினேன். ஒரு பழைய நோட்டில், எந்தச் சீட்டோடு உள்ளே போனேன், எங்கே விலகியிருக்க வேண்டும் என்று எழுதினேன். பத்துக்கு ஏழு ஆட்டத்தில் முதல் இரண்டு சீட்டைப் பார்த்ததுமே கவிழ்த்தேன். அது உடம்பில் வலிக்கிற மாதிரி இருந்தது. மற்ற மூவரும் ஆட, நான் ஜன்னல் வழியே மயிலம் ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் பொத்தான் மிஞ்சியது.

ஐந்தாம் மாதம் ஒருநாள், பேரணி தாண்டியதும், கையில் ஒன்றுமே இல்லாமல் டீச்சருக்கு எதிராக ஏற்றினேன். மூச்சு விடுவதுகூட அவருக்குக் கேட்குமோ என்றிருந்தது. அவர் என் காதைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், சீட்டைக் கவிழ்த்தார். நான் என் சீட்டைக் காட்டவில்லை. பொத்தான்களை இழுத்துக்கொண்டேன். "கத்துக்கினீங்க," என்றார் டீச்சர். அதற்குப் பிறகு வாரத்தில் ஒருநாள், இரண்டு நாள் ஜெயித்தேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு ஸ்கேன் சென்டரில். டாக்டர் படங்களைப் பார்த்துப் பேசிப் பதிவுசெய்வார். நான் ஹெட்போனில் கேட்டு ரிப்போர்ட்டாக டைப் செய்வேன். டாக்டர் கையெழுத்துப் போட்டதும் உறையில் போட்டு ஒட்டி, அனுப்பிவைத்த மருத்துவருக்கே கொடுத்துவிடுவோம். நோயாளியிடம் எதுவும் சொல்லக்கூடாது என்பது விதி.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான்கரைக்குக் கவுண்டருக்கு முன்னால் டீச்சர் நின்றார். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தார். புடவையில் சாக்பீஸ் தூள். மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டை நீட்டினார். மார்பக ஸ்கேன் என்று எழுதியிருந்தது.

"ட்ரெயின்ல சொல்லாதீங்க," என்றார்.

"மாட்டேன் டீச்சர்."

"வீட்லயும் சொல்லல. சும்மாதான் இருக்கும்."

அன்று கடைசியாக என் காதில் விழுந்த பதிவு அவருடையது. இடது பக்கம், இத்தனை சென்டிமீட்டர், ஓரம் ஒழுங்கில்லை, அக்குளில் ஒரு நெறிக்கட்டி. பதினொரு வருஷமாக டைப் செய்கிறேன். டாக்டர் எந்த வார்த்தைக்கு முன்னால் நிறுத்துவார் என்பது வரை எனக்குத் தெரியும். அவர் நிறுத்தினார். உடனே சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார். இரண்டு தடவை கேட்டு டைப் செய்தேன்.

டீச்சர் மறுநாள் பள்ளி முடிந்து மருத்துவரைப் பார்க்கப் போவார். அதற்கு முன்னால் ஒரு ரயில் இருந்தது.

நான் பஸ்ஸில் போய்விடலாமா என்று காலையில் யோசித்தேன். அன்றைக்கு மட்டும் நான் ரயிலுக்கு வராவிட்டால் அதுவே ஒரு பதில்தான். போனேன். டீச்சர் வழக்கம்போல ஜன்னலோரம் இருந்தார். என்னைப் பார்த்தார், சிரித்தார், ஒன்றும் கேட்கவில்லை. ரிப்போர்ட்டை டைப் செய்கிறவள் நான் என்பது அவருக்குத் தெரியும். அக்காவுக்கும் ஜவுளிக்கடைப் பெண்ணுக்கும் எதுவும் தெரியாது. அக்கா சீட்டைக் கலைத்துக்கொண்டே கேப்பைக் களி கிண்டத் தெரியாத புது சமையல்காரியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எத்தனையோ நாள் அவர் சீட்டைப் படிக்க நான் முயன்றிருக்கிறேன். அன்று அவர் தன் கைச்சீட்டைப் பார்க்கவே இல்லை. பார்வை முழுக்க என் மேல்தான் இருந்தது. நான் குனிந்தால் அதில் ஓர் அர்த்தம், நிமிர்ந்தால் ஓர் அர்த்தம். தண்ணீர் குடித்தேன். குடித்திருக்கக்கூடாதோ என்று தோன்றியது.

விக்கிரவாண்டியில் வண்டி நின்றது. அடுத்த ஆட்டத்தில் எனக்கு இரண்டு ஒன்பது வந்தது. தரையில் முதல் மூன்று சீட்டு: ஒன்பது, ராஜா, நான்கு. ஆக எனக்கு மூன்று ஒன்பது. அக்கா கவிழ்த்தார், அந்தப் பெண்ணும் கவிழ்த்தாள். டீச்சர் ஏற்றினார். நான் கூடவே போனேன். நாலாவது சீட்டு இரண்டு. ஐந்தாவது ஏழு. டீச்சர் தன் முன்னால் இருந்த பொத்தான் அத்தனையையும் நடுவில் தள்ளினார்.

நான் எண்ணினேன். எந்த வகையிலும் வரிசை சேர வழியில்லை, ஒரே இனம் சேரவும் வழியில்லை. அவர் கையில் இரண்டு ராஜா இருந்தால் மட்டும்தான் நான் தோற்பேன். யோசிக்கவே வேண்டாத ஆட்டம். ஆனால் எனக்குக் கை வரவில்லை. இன்றைக்காவது அவர் ஜெயிக்கட்டுமே, கவிழ்த்துவிடுவோம் என்று இருந்தது. சீட்டின் ஓரத்தைப் பிடித்தும்விட்டேன்.

அப்போது அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் காத்திருந்தது பொத்தானுக்கில்லை. நான் விட்டுக்கொடுக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். விட்டுக்கொடுத்தால், ஓடுகிற ரயிலில், புடவைப் பெட்டியின் மேல், அவருக்கு அந்த ரிப்போர்ட்டைப் படித்துக்காட்டின மாதிரி ஆகிவிடும்.

"பாக்குறேன் டீச்சர்," என்றேன்.

அவர் திருப்பினார். ராஜாவும் ஏழும், இரண்டு ஜோடி. நான் ஒன்பதுகளை வைத்தேன். "அய்ய, மொத்தத்தையும் வழிச்சிட்டியே," என்றார் அக்கா.

டீச்சர் நீளமாக மூச்சு விட்டார். தோள் இறங்கியது. சின்னதாகச் சிரித்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பாவம் பாக்கல நீங்க. அது போதும் எனக்கு."

அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. கெட்ட செய்தி இருந்தால் இப்படி மொத்தத்தையும் பிடுங்கியிருக்க மாட்டாள், அப்படியானால் ஒன்றுமில்லை. என் முகத்தில் அவர் அதைத்தான் படித்திருக்கிறார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் அந்தப் பெண்ணிடம் தீபாவளிக்கு என்ன புடவை வந்திருக்கிறது என்று உற்சாகமாக விசாரிக்கத் தொடங்கியபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முண்டியம்பாக்கம் போனது. சாலையோர லாரிகள் போயின. வாயைத் திறந்தால் வேலை போகும் என்ற பயம் ஒருபக்கம். அதைவிட, நான் எப்படிச் சொல்வேன், என் வாயால் அது எப்படி வரும் என்பது.

விழுப்புரத்தில் அக்காவும் அந்தப் பெண்ணும் முன்னால் போய்விட்டார்கள். மேம்பாலப் படியில் டீச்சர் எனக்கு இரண்டு படி மேலே ஏறிக்கொண்டிருந்தார். செருப்பு வார் அறுந்துவிடுகிற வேகத்தில் ஏறி அவர் கையைப் பிடித்தேன்.

"டீச்சர், சாயந்திரம் தனியா போவாதீங்க. வீட்டுக்காரர கூட்டிக்கினு போங்க."

அவர் நின்றார். பின்னால் வந்தவர்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். அவ்வளவு நாள் ஒன்றுமே தெரியாத அந்த முகத்தில் எல்லாம் வரிசையாக வந்து போனது. நான் பார்க்க முடியாமல் படியைப் பார்த்தேன்.

"சரிங்க," என்றார். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "முதல் பீரியட் இருக்குது, நேரமாச்சு."

மறுநாள் அவர் ரயிலுக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அக்கா என்னைக் கேட்டார், எனக்குத் தெரியாது என்றேன். அதற்கு என் முகம் ஒத்துழைத்தது. நாங்கள் மூன்று பேர் ஆடிப்பார்த்தோம், பிடிக்கவில்லை. சென்டரில் ஒவ்வொரு போன் மணிக்கும் என்னைப் பற்றிப் புகார் வருகிறது என்றே நினைத்தேன். புகாராக வந்தாலும் பரவாயில்லை, அவரிடமிருந்து ஏதாவது வரட்டும் என்றுகூட இருந்தது.

மூன்றாவது வாரம் அவரே கூப்பிட்டார். பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆபரேஷன் முடிந்திருந்தது. குரல் கரகரத்தது.

"அவர கூட்டிக்கினு போனேன்," என்றார். "டாக்டர் பேசினது ஒண்ணும் என் காதுல விழல. இவருதான் எல்லாத்தையும் எழுதிக்கினாரு. தனியா போயிருந்தா பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருப்பேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஆனா ட்ரெயின்ல என்னை நல்லா ஏமாத்திட்டீங்க. கால் மணி நேரம் நான் சந்தோஷமா இருந்தேன். அதுக்குக் கோவப்படறதா, வேணாமான்னு படுத்துக்கினு யோசிச்சிக்கினு இருக்கேன்."

"கோவப்படுங்க டீச்சர்."

"பாக்கலாம்," என்று வைத்துவிட்டார்.

மருந்தேற்றும் சிகிச்சை ஐந்தாறு மாதம் நடந்தது. இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் கணவர் காபி கொடுத்தார். சீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. கோபம் இருந்ததா என்று நானும் கேட்கவில்லை. தெரிந்தே ஆகவேண்டும் என்ற அரிப்பு எனக்கு அப்போது குறைந்திருந்தது. குறைந்திருந்தது என்றுதான் சொல்ல முடியும்.

பள்ளி திறந்த வாரம் டீச்சர் ரயிலுக்கு வந்தார். தலையில் பருத்தித் துணி கட்டியிருந்தார், பாதியாக இளைத்திருந்தார். ஜவுளிக்கடைப் பெண் அவருக்கு ஜன்னலோரத்தைக் காலிசெய்து கொடுத்துவிட்டு அழுதாள். "அழுவாத, சீட்டைப் போடு," என்றார் டீச்சர். அக்கா போட்டார்.

எனக்கு ஆஸ் ஜோடி வந்தது. டீச்சர் ஏற்றினார், நான் இன்னும் ஏற்றினேன், தயங்கவே இல்லை. தரையில் நாலாவது சீட்டு திறந்ததும் அவர் எல்லாவற்றையும் தள்ளினார். நான் எண்ணினேன், என் கணக்குப்படி நான்தான் மேலே. என் பொத்தான் அத்தனையையும் வைத்துப் பார்த்தேன். கடைசிச் சீட்டில் அவருக்கு வரிசை சேர்ந்தது. எங்கள் இருவர் சீட்டும் தரையும் போக மிச்சம் நாற்பத்து நாலில் எட்டுச் சீட்டுதான் அவருக்கு உதவும், அதில் ஒன்று வந்து விழுந்தது.

"தப்பா ஆடினேன்," என்றார் டீச்சர், பொத்தான்களை இழுத்துக்கொண்டே. "நீங்க சரியாத்தான் ஆடினீங்க."

பேரணிகூட வரவில்லை, என்னிடம் ஒரு பொத்தானும் மிச்சமில்லை. மீதி தூரம் அவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.