காட்டுக்குக் கொண்டுபோகும் பாய்

நீங்கள் எப்படித் தூங்குவீர்கள்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கேட்டவள் இங்கே ஸ்வீடனில், யோத்தபோரி நகரத்தில், மலையேறுகிறவர்களுக்கான சாமான்கள் விற்கும் கடையில் வேலை செய்யும் ஓர் இளம்பெண். "மகள் இருமாமல் இருந்தால் நன்றாகத் தூங்குவேன்" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு கைகளையும் கன்னத்துக்குக் கொடுத்து ஒருக்களித்துக் காட்டினாள். பிறகு நின்றபடியே மல்லாந்தும் குப்புறவும் நடித்தாள். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு இடுப்பெலும்பு தரையில் முட்டும் என்பதால் தடிமனான பாய் வேண்டும், மல்லாந்து படுப்பவர்களுக்கு மெல்லியதே போதும் என்றாள். இவ்வளவு படித்தும், ஒரு பிள்ளையைப் பெற்றும், நான் எந்த வாக்கில் தூங்குகிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கணவரைக் கேட்டேன். நான்தான் முதலில் தூங்கிவிடுகிறேனே, நீ தூங்கி நான் எப்போது பார்த்தேன் என்றார்.

பாய் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். என் மகள் யாழினிக்கு ஏழு வயது. ஆகஸ்ட் கடைசியில் அவள் வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்துபோய், ஏரிக்கரையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்குகிறார்கள். நாம் குடும்பத்தோடு ஏற்காடு போய்வருவதைப்போல இங்கே இது சாதாரண விஷயம். படுக்கை, உடை, சாப்பாடு எல்லாம் முதுகில்தான் என்பதால் எதுவும் லேசாக இருக்க வேண்டும். கீழே விரிக்கும் பாயை இவர்கள் 'லிக்உண்டர்லாக்' என்கிறார்கள். சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவுதான் இருக்கிறது, காற்றடித்தால் ஆள் நீளத்துக்கு வருகிறது. யாழினிக்குப் போன குளிர்காலத்தில் வீசிங் வந்து மருத்துவமனையில் இருந்தோம். இப்போது நன்றாக இருக்கிறாள், இன்ஹேலரை மறக்காமல் எடுத்துக்கொண்டு போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவளும் நாள்காட்டியில் வட்டம் போட்டுவிட்டாள். ஈரத் தரையில் படுத்து அவள் நெஞ்சில் குளிர் ஏறிவிட்டால் என்ன செய்வது என்ற யோசனையிலேயே இருப்பவள் நான் மட்டும்தான். அதனால் பாய் தேர்ந்தெடுக்கும் வேலையும் எனக்கு வந்தது.

ஒவ்வொரு பாயின் உறையிலும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கின்றன. எண் கூடக் கூட, தரையின் குளிர் மேலே ஏறுவது குறையுமாம். பெரும்பாலும் எடையும் கூடவே ஏறுகிறது. குளிர் காற்றிலிருந்துதான் வரும் என்று நினைத்திருந்த எனக்கு, தூங்குகிறவரின் சூட்டைத் தரை இழுத்துக்கொள்ளும் என்பது புதிய செய்தி. அந்தப் பெண் சொன்னபடியே எண் பெரிதாக இருந்த ஒரு பாயை யாழினிக்காக வாங்கினேன். ஆனால் ஒரு பொருளை வாங்கினால் அம்மா வீட்டில் நாலு பேர் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்கு மனம் ஆறாது. கல்யாணப் புடவையிலிருந்து பிள்ளையின் தொட்டில்வரை அப்படித்தான் நடந்திருக்கிறது. ஜூன் கடைசியில் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பியபோது பாயையும் பெட்டியில் வைத்தேன்.

எங்கள் ஊரான ராசிபுரத்தில் அந்த வாரம் மழை இல்லை. ஒரு மதியம் மின்சாரம் போயிருந்தபோது, ஹாலில் டைல்ஸ் தரைமேல் பாயை விரித்தேன். யாழினி வாய் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். சொந்தமாக லாரி ஓட்டும் என் தம்பி செந்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தான்.

"ஏக்கா, இதுக்கு எத்தன பவுண்டு காத்து வெக்கோணும்? ஸ்டெப்னி ஒண்ணு கூடக் குடுத்தாங்களா?"

அம்மாவைப் படுத்துப் பார்க்கச் சொன்னேன். படுத்தார். புரண்டபோது பாய் நெகிழித்தாள் கசங்குவதுபோல் சரசரவென்றது. சட்டென்று எழுந்துகொண்டு, முதுகெல்லாம் வேர்த்துவிட்டது என்று முந்தானையால் விசிறிக்கொண்டார்.

"ஏஞ்சாமி, தரை சில்லுனு இருக்குதுன்னுதான் கீழயே படுக்கறோம். அதைய மறைக்கறதுக்கு ஒரு பாயா?"

யாழினி அதற்குள் பாயை விட்டு இறங்கி, பாவாடையை ஏற்றிக்கொண்டு வெறும் தரையில் கன்னத்தை ஒட்டிப் படுத்திருந்தாள். எங்கள் வீட்டில் வெயில் காலத்தில் எல்லோரும் ஹாலில் வரிசையாகத்தான் படுப்போம். கோரைப்பாய்களை ஒன்றின் ஓரத்தின்மேல் இன்னொன்றின் ஓரம் ஏறும்படி விரிப்பது வழக்கம். அதனால் யார் எந்தப் பக்கம் உருண்டாலும் பாய்மேல்தான் இருப்பார்கள். அன்றைக்கு நான் யாழினிக்கும் அம்மாவுக்கும் நடுவில் படுத்தபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. யாழினி பிறந்த சமயத்தில் இதே அம்மாதான் இதே ஹாலில் என் கால் தரையில் படக்கூடாது என்று கட்டில் ஓரமெல்லாம் சாக்கு விரித்துவைத்தார். ராசிபுரத்து வெயிலில் எனக்குக் காலுறை மாட்டிவிட்டார். அப்போது ஆகாத குளிர்ச்சி இப்போது மட்டும் எப்படி ஆகும் என்று கேட்டேன். அப்போது நீ பச்சை உடம்புக்காரி, தரை மாறவில்லை, உடம்புதான் வேறு என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் அந்தப் பதிலின் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். யாழினி ஒன்றும் பச்சை உடம்புக்காரி இல்லையே. இந்தப் பாயில் படுத்தால் அவளுக்கு வேர்க்கும், வேர்வை உடம்பிலேயே காயும், அதனாலேயே வீசிங் வரும் என்று கணக்குப் போட்டேன். யோத்தபோரி திரும்பியதும் பெரிய எண் பாயை அலமாரியில் வைத்துவிட்டு, இருப்பதிலேயே சின்ன எண்ணும் குறைந்த எடையும் உள்ள மெல்லிய நுரைப்பாய்கள் இரண்டு வாங்கிவந்தேன். கணவர் மட்டும், ராசிபுரத்துத் தரையில் பார்த்துவிட்டா இந்தக் காட்டுக்குப் பாய் வாங்குகிறாய் என்று ஒருமுறை கேட்டார். அந்தக் கேள்வியை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை குடியிருப்புக்குப் பின்னால் உள்ள புல்தரையில் நானும் யாழினியும் அவற்றை விரித்துப் படுத்தோம். ஆகஸ்ட்தான், வெளிச்சம் நிறைய இருந்தது, காற்றும் இல்லை. கொஞ்ச நேரம் சுகமாக இருந்தது. பிறகு இடுப்புக்கும் தோளுக்கும் அடியிலிருந்து ஒன்று மெல்ல மேலே வந்தது. ராசிபுரத்துத் தரையின் சில்லென்ற தொடுதல் இல்லை அது. எழுந்து நின்ற பிறகும் உடம்புக்குள் இருந்தது. போர்வையைக் கூடப் போட்டேன், ஒன்றும் மாறவில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுப் பெரியவர் குப்பை போட வந்தார். எங்களைப் பார்த்து நின்று, சாவியைத் தொலைத்துவிட்டீர்களா, யாரையாவது கூப்பிடட்டுமா என்று கவலையோடு கேட்டார். பாய் தேர்ந்தெடுக்கிறோம் என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை, ஆனால் மிகவும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார். யாழினியின் கால் பாதங்களைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ். அவளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அதே கடைக்குப் போய், பெரிய எண் பாயில் இன்னொன்று எனக்கும் வாங்கினேன். அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். நல்லவேளை, எப்படித் தூங்குவீர்கள் என்று திரும்பக் கேட்கவில்லை.

ஆக, குளிர்ச் சிக்கல் தீர்ந்தது. சனிக்கிழமை நானும் யாழினியும் கிளம்புகிறோம். ஒத்திகைக்காக இப்போது கூடத்து மரத்தரையில் இரண்டு பாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறோம். புதிய சிக்கல், இவை ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதில்லை. காற்றடைத்த ஓரங்கள் வட்டமாக நின்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. நேற்று நான் அவள் மார்பு மூச்சோடு ஏறி இறங்குகிறதா என்று கையை அவள் பக்கம் போட்டபடி நகர்ந்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"உனக்குத்தான் உன் பாய் இருக்கில்லம்மா. ஏன் என்னோடதுக்கு வர்ற?"

கோபமாகச் சொல்லவில்லை. அவள் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலங்கி மாட்டத் தனித்தனி கொக்கி, தனித்தனி பெட்டி. அந்த வழக்கத்தில் சொன்னாள். நான் கையை எடுத்துக்கொண்டேன். அவள் தூங்கிய பிறகு மறுபடியும் போட்டேன். வழவழப்பான தரையில் பாய்கள் மெல்ல விலகின. கை அவள்மேல், கால் என் பாயில், இடுப்பு மட்டும் நடுவில் வெறும் தரையில் என்று விடியும்வரை கிடந்தேன்.

இருவர் படுக்கும் அகலமான ஒற்றைப் பாயும் கடையில் இருக்கிறது. ஆனால் அதை நான்தான் சுமக்க வேண்டும், அவள் பாயை அவளே சுமப்பேன் என்கிறாள். இரண்டு பாய்களைச் சேர்த்துக் கட்டும் பட்டைகளும் உண்டு என்கிறார்கள். பிள்ளைகளோடு இப்படிக் காட்டில் தங்கிய அனுபவமுள்ளவர்கள் இதைப் படித்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். பட்டை போட்டுக் கட்டிவிடட்டுமா, இல்லை அவள் பாய் அவள் பாயாகவே இருக்கட்டுமா? கட்டாமல் விட்டவர்கள், நடுவில் தெரியும் அந்தத் தரையில் என்ன விரித்தீர்கள்?